முனீஸ்வரன் கோவில் தெருவில் கணக்கேடு வாங்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், பித்தளைக் குத்துவிளக்கு. அதற்கெல்லாம் அங்கே கடைகள் நிறைய உண்டு. நான் சொல்லப்போகும் கடையில் அவை பேருக்குத்தான் இருக்கும். அங்கே உண்மையான சரக்கு காகிதம். செட்டியார் வீடுகளைப் பிரிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பேரேடுகள், சிட்டைகள் (அன்றாடக் கணக்குக் குறிப்புகள்), வட்டிக் கணக்குகள், அச்சடித்த எண்சுவடிகள் (பழைய வாய்பாட்டுப் புத்தகங்கள்), எந்தக் காலத்துப் பையனோ எழுதிய வாய்பாட்டு நோட்டுகள். கடைக்குப் பெயர் கிடையாது. ‘பழைய சாமான்கள் வாங்கப்படும்’ என்று ஒரு தகரப் பலகை, அவ்வளவுதான். பாய் கடை என்று கேட்டால் நாலு கடையைக் காட்டுவார்கள். ‘பேப்பர் பாய்’ என்று கேளுங்கள்.

நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறேன். வீட்டை அலங்கரிக்க எனக்கு ஒன்றும் வேண்டாம், வகுப்பில் காட்டத்தான் வாங்குகிறேன். அதனால் இந்த மதிப்புரை கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால் மூன்றேமுக்கால். பிடித்தம் செய்த ஒன்றேகாலுக்குக் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் கடை. முன்கட்டில் அலமாரி, உள்கட்டில் மூட்டை. காற்று வராது. தும்மல்காரர்கள் முகக்கவசம் கொண்டுபோங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த ஏடுகளைத் தனியாக வைத்திருக்கிறார், அதைப் பாராட்ட வேண்டும். விலை அட்டை கிடையாது. முகத்தைப் பார்த்து விலை சொல்லும் ஊர்தான் இது. ஆனாலும் டீச்சர் என்று தெரிந்தால் பாய் பாதிக்குக் கீழே வந்துவிடுவார். முழுப் பேரேடு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் வரை. அச்சு எண்சுவடி நானூறு. நோட்டுகள் நூறு, இருநூறு. ஜிபே வாங்குவார். பில் கேட்டால் சிரிப்பார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், அந்த நேரம் போகாதீர்கள்.

இனி சரக்கு. நான் வாங்கியதில் இரண்டு பேரேடுகள் முக்கியம். ஒன்று விளம்பி வருஷத்து ஏடு, அதாவது 1898-99. இன்னொன்று யுவ வருஷம், 1935-36, ரங்கூன் கடைக் கணக்கு. இரண்டிலும் தமிழ் எண்கள்தான். ஆனால் எழுதும் முறை வேறு. பழைய ஏட்டில் 2345 என்பது ௨௲௩௱௪௰௫. ஆயிரத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. வாயால் ‘இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பத்தைந்து’ என்று சொல்வதை அப்படியே கையால் எழுதியிருக்கிறார்கள். பின்னால் வந்த ஏட்டிலோ ௨௩௪௫, நாம் இன்று எழுதுவது போலவே.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து மாணவர்களிடம் 2005 எழுதச் சொன்னேன். பழைய முறையில் ௨௲௫, முடிந்தது. பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. நூறும் பத்தும் இல்லையென்றால் அந்தக் குறிகளை எழுத வேண்டாம், அவ்வளவுதானே. புது முறையில் அப்படி விட்டால் 25 ஆகிவிடும். காலி இடத்தைக் காக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். பூஜ்ஜியம் முதலில் அந்தக் காவல் வேலைக்குத்தான் வந்தது. குவாலியரில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண்ணில் அது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒரு குறி என்று வந்து வரிசையில் மற்ற எண்களோடு நின்றுவிட்டால், மற்ற எண்களுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து பார்க்கத் தோன்றும். ஐந்தோடு இதைக் கூட்டினால்? இதிலிருந்து ஐந்தைக் கழித்தால்? இதால் வகுத்தால்? நம் நாட்டுக் கணிதர் பிரம்மகுப்தர் 628-இலேயே இந்தக் கேள்விகளுக்கு விதிகள் எழுதினார். வகுத்தலில் மட்டும் சறுக்கினார், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்றார். சறுக்கியது இருக்கட்டும். ௲, ௱, ௰ மட்டும் எழுதிப் பழகிய கைக்கு அந்தக் கேள்வி வந்திருக்கவே வழியில்லை என்பது என் கட்சி.

கடையின் நிஜமான சொத்து பாயும் இல்லை, பேரேடும் இல்லை. மதியத்துக்கு மேல் திண்ணையில் வந்து உட்காரும் பெரியவர் ஒருவர். எண்பதை நெருங்குகிறார். சின்ன வயதில் ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளைக்கு எடுபிடியாக இருந்தவர், பழைய எண்சுவடியை அடி வாங்கிப் படித்தவர். சம்பளம் இல்லை, பாய் கொடுக்கும் டீக்கு ஏடு படித்துச் சொல்கிறார். நான் போனால் முதலில் அவர் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

அவரிடம் ஒரு நாள் கேட்டேன்: “ஐயா, முக்காலை முக்காலால் பெருக்கினா?”

“அரையே மாகாணி” என்றார். யோசிக்கவே இல்லை.

என் மாணவர்கள் 3/4 × 3/4 = 9/16 என்று போடுவார்கள். மாகாணி என்றால் 1/16. அரையோடு அதைச் சேர்த்தால் 9/16. விடை ஒன்றுதான். ஆனால் வகுப்பில் ‘9/16 அரையைவிடப் பெரிசா, சின்னதா’ என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். பெரியவரின் விடையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அரை, அதற்கு மேல் கொஞ்சம். அளவு வாயிலேயே இருக்கிறது. ‘முக்காலே மூணு வீசம்’ என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதுவும் அதே கணக்குதான். வீசம் என்றாலும் 1/16, ஆக 15/16. கேட்டவுடன் ‘கிட்டத்தட்ட முழுசு’ என்று புரிந்துவிடுகிறது.

இன்னொன்று போட்டுப் பார்த்தோம், மூன்றேமுக்கால் × இரண்டரை. அவர் விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்: மூவிரண்டு ஆறு, முக்காலிரண்டு ஒன்றரை, மூவரை ஒன்றரை, முக்காலரை காலே அரைக்கால், ஆக ஒன்பதே காலே அரைக்கால். கால்குலேட்டரில் 9.375 வந்தது. கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக்கு, தொகுதியைப் பெருக்கு, பகுதியைப் பெருக்கு, சுருக்கு என்று நான் நடத்தும் நாலு படிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. துண்டு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஒரு வாய்பாடு, கடைசியில் கூட்டல். அந்த வாய்பாடுகளையெல்லாம் மனப்பாடம் செய்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. திண்ணைப் பள்ளியில் ஏன் அத்தனை பிரம்படி என்று எண்சுவடியைப் புரட்டினால் தெரியும்.

சரி, அப்புறம் நான் விடவில்லை. “ஏழில் ஒரு பங்கை எப்படி எழுதுவீங்க ஐயா?” என்றேன்.

“ஏழுல ஒண்ணுன்னு யாரு தாயி வட்டி போடுவா?” என்றார்.

இந்த ஒரு பதிலுக்காகவே அந்தக் கடைக்கு இன்னும் கால் நட்சத்திரம் கொடுக்கலாம். சிரிப்புக்காகச் சொன்னார்தான், ஆனால் விஷயம் முழுக்க அதில் இருக்கிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி, மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவையெல்லாம் பெயர் வைத்த பின்னங்கள். பெயர் வைத்தவற்றைக் கூட்டி எதையும் சொல்லலாம், பெயரில்லாதது கணக்குக்குள் வராது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று எழுதும் முறையில் 5/7-ம் 1/2-ம் ஒரே சாதி. எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் பின்னம். அப்படி எழுதியதால்தான் ‘எல்லாப் பின்னங்களும்’ என்று ஒரு கூட்டத்தை நினைக்க முடிந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே பெருக்கல் விதி எழுத முடிந்தது. வாய்பாடு தேவையில்லை, ஒரு விதி போதும். அதற்கு நாம் கொடுத்த விலைதான் 9/16 அரையைவிடப் பெரிசா என்று தெரியாமல் விழிப்பது. எகிப்தியரும் நம் கணக்குப்பிள்ளைகள் மாதிரிதான். பின்னங்களை அவர்கள் ‘இத்தனையில் ஒன்று’ என்ற வகையில் உடைத்துத்தான் எழுதினார்கள், 2/3 போன்ற ஓரிரண்டு விதிவிலக்கு தவிர. சுமார் கி.மு. 1550-இல் பிரதியெடுத்த ரைண்டு பாப்பிரஸ் என்ற எகிப்தியக் கணக்குச் சுவடியில், 2-ஐ 3 முதல் 101 வரையுள்ள ஒற்றை எண்களால் வகுத்தால் என்ன வரும் என்று ஒரு நீண்ட அட்டவணையே இருக்கிறது. அதுவும் ஒருவகை எண்சுவடிதான்.

முந்திரியோடு நம்மவர்கள் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்சுவடியின் இந்தப் பகுதியைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது. முந்திரிக்குக் கீழே போக வேண்டுமா? முந்திரியையே ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டு மறுபடி அதே பெயர்கள், முன்னால் ‘கீழ்’ மட்டும். கீழரை என்றால் 1/640, கீழ்க்கால் 1/1280, கீழ்முந்திரி 1/320-இல் 1/320, அதாவது 1/1,02,400. பதின்ம முறையில் புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு இடமும் முந்தைய இடத்தில் பத்தில் ஒன்று. இங்கே ஒவ்வொரு ‘கீழும்’ 320-இல் ஒன்று. அதே சிந்தனை! சைமன் ஸ்டெவின் ஐரோப்பாவில் பதின்மப் பின்னத்தைப் பரப்பிய சிறு நூல் வந்தது 1585-இல். நம் முறையில் ஒரே குறை, மேலே போகும்போது பத்து, கீழே போகும்போது 320. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேறு வேறு ஏணி. இரண்டும் ஒரே ஏணியாக இருந்திருந்தால் ஒரே விதியில் முழு எண்ணையும் பின்னத்தையும் பெருக்கியிருக்கலாம்.

அந்த 320 எங்கிருந்து வந்தது என்பதற்கு பாயின் கடையிலேயே பாதி விடை கிடக்கிறது. மூலையில் பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று அடுக்கு அளவைகள் விற்கிறார் (அடிபட்டு நசுங்கியவற்றை வாங்காதீர்கள், நெளிவு எடுத்தால் அளவு மாறிவிடும்). இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கு என்பது அரைக்கால் படி. பாதி, பாதியில் பாதி என்று கை இறங்கிய வழியிலேயே குறியும் இறங்கியிருக்கிறது. 320 என்பது 64 × 5. அந்த 64 இப்படிப் பாதியாக்கிய பாதையில் வரும் எண்தான். உள்ளே மூன்று என்ற காரணி இல்லாததால், மூன்றில் ஒன்று சரியாக வரவே வராது. 320-ஐ மூன்றால் வகுத்தால் 106 முந்திரி போக முந்திரியில் மூன்றில் இரண்டு மிச்சம் நிற்கும், கீழே இறங்கினாலும் அதே இழுபறி. பதின்மத்தில் 0.333 என்று முடியாமல் ஓடுகிறதே, அதே நோய்.

ஆனால் ரங்கூன் ஏட்டில் மூன்று பங்காளிகளுக்கு ரூபாயைப் பிரித்த இடத்தில் ஒரு தகராறும் இல்லை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி. மூன்றில் ஒன்று என்றால் 5 அணா 4 தம்பிடி, சுத்தமாக வந்துவிடும். அந்த 12-க்குள் மூன்று ஒளிந்திருக்கிறது. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனபோது கூட்டல் கழித்தல் எளிதாயிற்று. அன்றிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகளுக்கு ஒரு ரூபாயைச் சரியாகப் பிரிக்க முடியாமலும் போயிற்று. பெரியவருக்கு அதில் இன்னும் கோபம்.

பேரேட்டின் இரண்டு பக்கங்களைப் பற்றியும் கொஞ்சம். இடப்பக்கம், வலப்பக்கம், வரவு, பற்று. வரவுக்கு ௷ என்று ஒரு குறி, பற்றுக்கு ௶. மேற்படிக்கு ௸. பக்கம் பக்கமாகப் புரட்டினேன், ஓர் இடத்தில்கூடக் குறை எண் இல்லை. கடனே தொழிலாக இருந்த வீட்டில் குறை எண் இல்லை! தேவைப்படவில்லை என்பதுதான் காரணம். கடனுக்கு ஒரு பத்தி இருக்கும்போது அதை எண்ணின் தலையில் ஏற்றுவானேன்? பத்தி மாற்றி எழுதினால் போதும். கணக்கு அருமையாக நடக்கும். ஆனால் அந்த முறையில் ‘கடனைக் கடனால் பெருக்கினால் என்ன’ என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது, பத்தியைப் பத்தியால் பெருக்க முடியாதே. பிரம்மகுப்தர் தனம், ருணம் என்ற வணிகச் சொற்களையே எடுத்து, அவற்றை எண்ணோடு ஒட்டி, இரண்டு ருணங்களின் பெருக்கம் தனம் என்று எழுதினார். ஐரோப்பாவில் இது ரொம்ப நாள் செரிக்கவில்லை. 1545-இல் இத்தாலியக் கணிதர் கார்டானோ முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்த புத்தகத்தில், குறை எண்ணைக் கெழுவாக எழுத மறுத்ததால், ஒன்றாக எழுதியிருக்க வேண்டியதைப் பதின்மூன்று வகையாகப் பிரித்து, வகைக்கு ஓர் அத்தியாயம் எழுத வேண்டியதாயிற்று. ஒரு சின்னக் கோட்டை எண்ணுக்கு முன்னால் போடச் சம்மதித்திருந்தால் எத்தனை காகிதம் மிச்சம்!

சரி, இதெல்லாம் எனக்குத் தோன்றிய பெரிய விஷயத்துக்குப் பக்கத்தில் சின்னது. விளம்பி ஏட்டைப் புதிதாகப் பார்க்கிற எவரும் முதலில் அதை எழுத்து என்றே நினைப்பார்கள். ஒன்றுக்கு க போல, இரண்டுக்கு உ போல, எட்டுக்கு அ போல. காலுக்கு வ. ஔவையார் பெயரில் வழங்கும் ‘எட்டேகால் லட்சணமே’ என்ற வசவு இந்தக் குறிகளை வைத்துத்தான். எட்டும் காலும் சேர்த்துப் படித்தால் அவ. அந்தப் பாட்டைச் சொன்னால் வகுப்பு கலகலக்கும். ஆனால் நான் அதைத் தொடர்ந்து ஒரு கேள்வி கேட்பேன்: இந்த ஏட்டில் தெரியாத எண்ணுக்கு எந்த எழுத்தைப் போடுவீர்கள்? க போட்டால் ஒன்று. அ போட்டால் எட்டு. வ போட்டால் கால். எழுத்துகளில் பல ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டன.

கிரேக்கர்களுக்கும் இதே சங்கடம்தான். அவர்களுக்கு அகரவரிசை முழுக்க எண்கள். டயோஃபாண்டஸ் தெரியாத எண்ணுக்கு ஒரு குறி வைத்தார், ஒன்றே ஒன்று. கணக்கில் தெரியாதவை இரண்டு வந்தால் சுற்றி வளைத்து ஒன்றாக்கிக்கொள்ள வேண்டியதுதான். சமஸ்கிருதத்தில் எழுதிய நம் நாட்டுக் கணிதர்களுக்கு எண் வடிவம் வேறு, எழுத்து வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் தெரியாதவற்றுக்கு யா, கா, நீ என்று சொற்களின் முதல் எழுத்தைப் போட்டு, எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டார். ஐரோப்பியர்கள் இந்திய-அரபு எண்களுக்கு மாறிய பிறகு அவர்களுடைய எழுத்துகளும் சும்மா கிடந்தன. 1591-இல் பிரெஞ்சுக் கணிதர் வியட்டா அவற்றை எடுத்து, தெரியாதவற்றுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்று வைத்தார். இரண்டாவதுதான் பெரிய விஷயம். தெரிந்த எண்ணுக்கும் எழுத்து போட்ட பிறகுதான் ‘இந்தச் சமன்பாடு’ போய் ‘இந்த மாதிரிச் சமன்பாடு எல்லாம்’ என்று பேச முடிந்தது. 1637-இல் டெக்கார்ட் எக்ஸ், ஒய், இசட் என்று முடித்துவைத்தார். அடுக்கை மேலே சின்ன எண்ணாக எழுதியதும் அவர்தான். அதுவரை இருபடி என்றால் சதுரம், முப்படி என்றால் கனசதுரம், நாற்படிக்கு வரைய இடமில்லை. மேலே 4 என்று எழுதிவிட்டால் வரைவதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? பின்னால் நியூட்டன் அந்தச் சின்ன இடத்தில் பின்னத்தையும் குறை எண்ணையும் வைத்துப் பார்த்தார்.

தமிழில் கணக்குக் கெட்டிக்காரத்தனம் குறைவு என்று இந்த ஏடுகளைப் பார்த்த எவரும் சொல்ல மாட்டார்கள். இயற்கணிதம் அதில் முளைக்காததற்கு எழுத்தும் எண்ணும் ஒரே உருவில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் அனுமானம். பெரியவரிடம் சொன்னேன். “தெரியாததை எழுதி வைக்கிறதுக்கா பேரேடு?” என்றார். அதுவும் நியாயம்தான்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த ஏடுகளால் என்ன பயன் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். சிட்டையில் கூட்டி முடித்ததும் ‘ஆக’ என்று எழுதித் தொகை போடுவார்கள். அது ஒரு திசையில் மட்டும் போகும். என் பிள்ளைகள் சமக் குறியையும் ‘ஆக’ மாதிரியே போடுகிறார்கள், 3 + 4 = 7 + 5 = 12 என்று. ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இரண்டு இணைகோடுகளைப் போட்டபோது, அந்த இரண்டைவிடச் சமமானது வேறில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். இருபக்கமும் நின்று பார்க்கும் குறி அது. சிட்டையையும் சமன்பாட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபின் இந்தத் தப்பு என் வகுப்பில் குறைந்தது. வகைக்கெழுவுக்கு வரும்போது ஏட்டை மூடிவிட்டு லைப்னிட்ஸ் கதைக்குப் போவேன். நியூட்டன் எழுத்தின் தலைக்கு மேல் புள்ளி வைத்தார், லைப்னிட்ஸ் டி ஒய் பை டி எக்ஸ் என்று பின்னம் போல எழுதினார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வகையிட்டால் டி-க்கு மேல் 2, 3. 1695-இல் பிரெஞ்சுக் கணிதர் லோப்பித்தால் அவரிடம் கேட்டுவிட்டார், அந்த இடத்தில் அரை போட்டால் என்ன ஆகும் என்று. புள்ளி வைக்கிற ஆளிடம் அரைப் புள்ளி வை என்று யார் கேட்பார்கள்? குறி இடம் விட்டிருந்தது, கேள்வி வந்து உட்கார்ந்தது. இங்கிலாந்துக்காரர்கள் நியூட்டன் மேல் வைத்த விசுவாசத்தில் புள்ளியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்; 1812-இல் கேம்பிரிட்ஜில் பாபேஜும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கித்தான் லைப்னிட்ஸ் குறியை உள்ளே கொண்டுவர முடிந்தது.

இந்த ஊருக்கும் உயர்கணிதத்துக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. ராமானுஜன் பெயரில் சென்னையில் 1950-இல் கணித நிறுவனம் தொடங்கியவர் நம் அழகப்பச் செட்டியார்தான். முதல் இயக்குநர் விஜயராகவன். செட்டியார் வீட்டுப் பணம் கணிதத்துக்குப் போனது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

இனி அந்த ஒன்றேகால் நட்சத்திரம். பாய் பேரேடுகளைக் கிழிக்கிறார். நல்ல கையெழுத்துள்ள பக்கமாகப் பார்த்துக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பாரம்பரிய வீடுகளை ஹோட்டலாக்கியவர்களுக்கு அறுநூறு, எழுநூறுக்கு விற்கிறார். வியாபாரம், புரிகிறது. முழு ஏடு ஆயிரத்து ஐந்நூறு, அதே ஏடு பக்கம் பக்கமாகப் போனால் லட்சத்தைத் தொடும். ஆனால் பேரேட்டில் தனிப் பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்துத் தொகையில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குத் தொகையைக் கொடுத்து முடிகிறது. வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பது ஐம்பது பக்கம் முன்னால் இருக்கும். ௸ என்று மட்டும் போட்ட வரிக்கு மேலே உள்ள வரி வேறொரு ஹோட்டல் சுவரில் தொங்குகிறது என்றால், இந்தச் சுவரில் இருப்பது அழகான கையெழுத்து மட்டுமே, கணக்கு அல்ல. சில சட்டங்களில் பக்கத்தைத் தலைகீழாக மாட்டியிருப்பதையும் பார்த்தேன். வாங்கியவருக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த நூல்கள் பின்னால் சென்னையில் நூலகமாக நிற்கின்றன; அச்சான காகிதத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை கையெழுத்து ஏட்டுக்கும் கிடைக்கக் கூடாதா?

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டு பிரியாத ஏடாகக் கேளுங்கள், உள்கட்டில் இருக்கும். முதல் பக்கத்தில் வருஷப் பெயர் இருக்கிறதா பாருங்கள், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் ஊரும் ஆட்களும் தெரிந்தால்தான் காலம் புரியும். ஏட்டில் உள்ள கடன்காரர் பெயர்களைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாதீர்கள், பேரன்மார் இங்கேதான் இருக்கிறார்கள். தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன, ஆனால் என் போனில் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. அதனால்தான் இங்கே அவற்றைப் பெயராலேயே எழுதியிருக்கிறேன். எண்சுவடி வாங்கினால் கடைசிப் பக்கங்கள் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், கிழிந்து போவது அவைதான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் நிழலில் விரித்து வைத்து, வசம்பு போட்டுக் கட்டுங்கள்.

கிழிப்பதைப் பற்றிப் பாயிடம் நேராகவே சொன்னேன். பள்ளத்தூர் வீடு ஒன்றிலிருந்து அடுத்த லோடு வருகிறதாம். “உங்களுக்குன்னா கிழிக்காம எடுத்து வைக்கிறேன் டீச்சர், ஆனா விலை பக்கக் கணக்குலதான் போடுவேன்” என்றார். பெரியவர் திண்ணையிலிருந்தே, “பக்கத்துக்கு எவ்வளவு?” என்றார். பாய் தொகை சொன்னார். பெரியவர் விரலை மடக்க ஆரம்பித்தார், இன்னும் பேரம் முடியவில்லை.